தெற்கே திறந்த கொடிக்கால்

விடிந்ததும் கிள்ளுகிற முதல் வெற்றிலையைச் சென்னியப்பன் விற்கிற கவுளிக் கட்டில் சேர்ப்பதில்லை. அதைக் கண்ணிமை மேல் வைத்துப் பார்ப்பார். முதலில் இடது கண், பிறகு வலது. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வரப்பில் நிற்கிற ஆளைப் புதிதாகப் பார்ப்பவர்கள், சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். அவர் எண்ணிக்கொண்டிருப்பார். இலையின் குளிர்ச்சி இமைக்குள் இறங்க எத்தனை மூச்சு ஆகிறது என்று. மூன்று மூச்சில் இறங்கினால் கொடி சுகமாக இருக்கிறது. ஐந்து ஆனால் தண்ணீர் போதவில்லை. இறங்கவே இல்லை என்றால், அன்று முழுவதும் அவர் எதிரில் யாரும் போகாமல் இருப்பது நல்லது.

போன வைகாசியில் பன்னிரண்டு நாள் இறங்கவே இல்லை.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே, ராஜவாய்க்காலுக்கும் காவேரிக்கும் நடுவில் அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் அவருடையது. நிலம் குத்தகைக்கு விட்ட பண்ணாடியுடையது, கொடியும் உழைப்பும் கோபமும் சென்னியப்பனுடையவை. வயது ஐம்பத்திரண்டு. கறுத்து முறுகிய உடம்பு. மார்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாது, தலையில் ஒரு கறுப்பு மயிர் கிடையாது. இடுப்பில் எப்போதும் தண்ணீரில் நனைத்த கோரைக் கற்றை ஒன்று செருகியிருக்கும். நடக்கிற நடையில் எந்தக் கொடியாவது அகத்தி மரத்தை விட்டு நழுவியிருந்தால், பேச்சை நிறுத்தாமலே ஒரு கோரையை உருவிக் கட்டிவிட்டுப் போவார். ஊர்ச் சாவடியில் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட அந்தக் கை சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவரின் துண்டு முனையைத் தூணோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து வந்த கதைகள் உண்டு.

வெற்றிலை விளைவிக்கிற இந்த மனிதர் வெற்றிலை போடுவதில்லை. கேட்டால், "ஏனுங்க, வளத்த புள்ளையவே திங்கச் சொல்றீங்களா?" என்பார். கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் நுழையக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த கட்டுப்பாடு. சென்னியப்பன் குடையையும் அதில் சேர்த்துவிட்டார். குடை பிடிக்கிறவர்கள்மேல் அவருக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. "சூடு மேலருந்துதான் வருதுன்னு இவுங்களுக்கு எவஞ் சொன்னானுங்க?" என்பார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு விசித்திரமான இலக்கணம் உண்டு. சாதாரணக் கோபத்தில் 'டா' போடுவார். கொஞ்சம் ஏறினால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். உண்மையிலேயே கொதித்துவிட்டால் மரியாதை கூடிக்கொண்டே போகும். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று அவர் ஒருவரை உபசரிக்கத் தொடங்கினால், அவர் மனைவி ஆத்தாயி பக்கத்தில் கிடக்கும் அரிவாளை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். "எங்கூட்டுக்காரரு இன்னிக்கு நெம்பப் பணிவா இருக்காரு, நீங்க ஊடு போய்ச் சேருங்க சாமி" என்று வந்தவருக்கு ஜாடை காட்டி அனுப்புவதும் அவள் வேலைதான்.

காற்றுகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். ஆடிக் காற்றுக்கு 'மாமியார்'. மார்கழியில் விடியும்போது வருகிற ஈரக் காற்றுக்கு 'மருமவ'. ஐப்பசியில் மழைக்கு முன்னால் தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வருவதற்குப் 'பட்டாமணியம்'. வைகாசியில், பகல் சாய்ந்த பிறகு ஆற்று மணலைத் தாண்டித் தெற்கிலிருந்து வருகிற சுடுகாற்றுக்கு மட்டும் பெயர் கிடையாது. அந்தப் பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் யாரும் அதற்குப் பெயர் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். "அது வந்துருச்சு", "அது இன்னிக்குச் சித்தெ தாழ்ந்து அடிக்குது", அவ்வளவுதான். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடுமாம். அது கூப்பிடாமலே வருகிற விருந்தாளி. கூப்பிட்டுவிட்டால் போகவே போகாது.

அதைத் தடுக்கத்தான் தெற்கு ஓரத்தில் மூங்கில் இருந்தது. கொடிக்காலின் நீளத்துக்கு, ஆள் நுழைய முடியாத நெருக்கத்தில், ஒரு பனை உயரத்துக்கு. சென்னியப்பனின் அப்பன் வைத்த மூங்கில் அது என்றாலும், பண்ணாடியின் நிலத்தில் முளைத்தது பண்ணாடிக்குத்தான் சொந்தம்.

வருஷா வருஷம் வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்குப் போய் வடம் பிடிப்பது அவர் வழக்கம். கால்நடையாக ஒரு நாள், தேருக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். அந்த மூன்று நாளைக்கு ஆத்தாயி கொடிக்காலைப் பார்த்துக்கொள்வாள். போன வருஷமும் போனார். உள்ளங்கை இரண்டும் வடம் உரசித் தோலுரிந்து, ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாய்க்கால் கரை ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். தன் கொடிக்காலுக்கு மேலே ஆறு தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த இடத்திலிருந்து அவர் ஆற்றைப் பார்த்ததே இல்லை.

"மூங்கிலு எங்கடி?" என்றார்.

"உபதேசியாரு வெட்டிட்டுப் போனாருங்க. ஜெப ஊட்டுக்குக் கூரை போடறதுக்கு. பண்ணாடி ஆளு கூடவே நின்னு வெட்டச் சொன்னான்."

"நீ பாத்துட்டு நின்னியா?"

"பண்ணாடி ஆளு முன்னால நிக்கறப்ப நா என்ன மூங்கிலக் கட்டிப் புடிச்சுட்டு அழுவறதா? தேரு இழுக்கப் போன ஆம்பள நீங்க. நீங்க இருந்து தடுத்திருக்கோணும்."

அந்தச் சொல்தான் சென்னியப்பனை மேலும் எரித்தது. அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். விடிந்ததும் ஜெப வீட்டுக்குப் போனார்.

உபதேசியார் சுப்பையன் அந்த ஊர்க்காரர்தான். நாற்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு எங்கோ தூரத்தில் வேத பாடசாலையில் நாலு வருஷம் இருந்து, கிரேக்கு பாஷைகூடக் கற்றுக்கொண்டு வந்தவர். நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்திரியில் மருந்தோடு நடந்து போகிறவர். அவர் தன் கையாலேயே ஜெப வீட்டுக்குக் கூரைச் சட்டம் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் முழுவதும் மேலே ஏறிவிட்டது. தென்னங்கீற்று வேய்ந்துகொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் வாசலில் நின்று கைகூப்பினார். "கும்பிடறனுங்க உபதேசியாரே. நல்லா இருக்கீங்களா? ஊட்டுல சுகமுங்களா?"

அவரை அறிந்த இரண்டு பேர் கூரையிலிருந்து மறுபக்கமாக இறங்கினார்கள்.

சுப்பையனும் அறிந்தவர்தான். ஆனால் அவர் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பினார். "சென்னியண்ணா, கோவிச்சுக்காதீங்க. நானா வெட்டிரலீங்க. உங்க கொடிக்கு நெழலு கொறையுமான்னு ரெண்டு நாளு உச்சிக்கு வந்து நின்னு பாத்தனுங்க. மூங்கிலு நெழலு ஒரு முழங்கூட உள்ள உழுகலீங்க. அத்தனையும் ஆத்துப் பக்கமாத்தான் உழுந்துது. அதப் பாத்த பொறகுதான் பண்ணாடிகிட்டக் கேட்டனுங்க."

அவர் சொன்னது உண்மை. வைகாசி உச்சியில் சூரியன் அந்தப் பக்கத்தில் சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறது. தெற்கு ஓரத்து மூங்கிலின் நிழல் கொடிக்காலுக்குள் வராது, மணலில் விழும். இரண்டு நாள் வெயிலில் நின்று, கவனமாகப் பார்த்து, சுப்பையன் தப்பு செய்திருந்தார்.

"நெழலுங்களா?" என்றார் சென்னியப்பன். "நெழலுக்கு மேல அகத்தி இருக்குதுங்க. மூங்கிலு நெழலுக்கு இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க?"

சென்னியப்பன் வாய் திறந்தார். 'காத்து' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்திருக்கும். மூடிக்கொண்டார். "நல்லதுங்க. வாரனுங்க. கூரை நல்லாக் கட்டுங்க" என்று மறுபடி கைகூப்பிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு உபதேசியாரோடு பேசுவதில்லை என்று அங்காளம்மன் கோயில் மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

பண்ணாடி வீட்டுக்கும் போனார். "மூங்கிலு என்னப்பா, மழ உழுந்தா மொளச்சுக்குது" என்றார் பண்ணாடி, ஊஞ்சலை நிறுத்தாமல். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மறுநாள் பகல் சாய்ந்ததும் அது வந்தது.

வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நேரம். வருஷ மராமத்துக்காக மதகை இறக்கியிருந்தார்கள். திறக்க இன்னும் பதினைந்து நாள். ஆற்றிலும் தண்ணீர் எதிர்க்கரையோரமாக ஒதுங்கி, இந்தக் கரையில் கால் மைல் அகலத்துக்கு வெறும் மணல். காலையிலிருந்து வெந்த அந்த மணல்மேல் உருண்டு, வழியில் ஒரு மரமும் இல்லாமல், காற்று நேராகக் கொடிக்காலுக்குள் நுழைந்தது. மேலே அகத்தி பச்சைக் குடையாக விரிந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு வெயில் இல்லை. அந்தக் குளிர்ந்த பச்சை நிழலுக்குள் நின்றபடியே இலைகள் கருகின. முதலில் ஓரம் சுருண்டது. பிறகு நடுவில் எண்ணெய் பட்ட காகிதம்போல ஒரு கறை. பொழுது இறங்குவதற்குள் முதல் வரிசை முழுவதும் அப்பளம்போல நொறுங்கியது.

ஆற்று மணலில் ஊற்றுக்குழி தோண்டி, சென்னியப்பனும் ஆத்தாயியும் குடம் குடமாகச் சுமந்தார்கள். ஒரு கொடிக்கு ஒரு குடம். சூடு தாழ்ந்து அடிக்கும்போது தண்ணீரை வேரில் விட்டால் வேர் வெந்துவிடும். அதனால் விடியும் முன்னும் இருட்டிய பின்னும்தான் ஊற்ற முடியும். நடுவில், அது வீசுகிற நேரம் முழுவதும், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கோபக்காரருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார். அரை நாழிகையில் காய்ந்து பறந்தன. ஆத்தாயியின் சேலைகள் இரண்டையும் அகத்தியில் கட்டினார். "கட்டிருக்கறதயும் குடுத்துருட்டுமா?" என்றாள் அவள். தட்டி கட்டலாம் என்றால் நாட்டுவதற்குக் கம்பம் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வெட்டுகிற பருவத்தில் இருந்த மூங்கில் அவருடையது ஒன்றுதான். தென்னங்கீற்றையும் ஜெப வீட்டுக்காக மொத்தமாக வாங்கிவிட்டார்கள்.

மொத்தம் நாற்பது வரிசை. நாளுக்கு ஒன்று, ஒன்றரை என்று தெற்கிலிருந்து தின்றுகொண்டு வந்தது. இரண்டாம் வருஷத்துக் கொடி. இனிமேல்தான் கை நிறையக் கிள்ளப்போகிற கொடி. பதினைந்து நாள் தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வரும்போது பாதிக் கொடிக்கால் இருக்காது. பாதி போனால் பண்ணாடி குத்தகையை அடுத்தவனுக்கு மாற்றிவிடுவார். அதைச் சொல்லாமலே இரண்டு பேரும் தண்ணீர் சுமந்தார்கள்.

எட்டாவது வரிசை போன அன்று மூன்று மணிக்கு, கையில் குடையும் ஒரு காகிதமுமாகச் சுப்பையன் வந்தார். எல்லையில் நின்று குடையை மடக்கி வைத்தார், செருப்பைக் கழற்றினார். கருகிப்போன வரிசைகள் முன்னாலேயே நின்றன. ஆனால் அவர் அப்போது வேறு ஒரு நினைப்பில் வந்திருந்தார்.

"சென்னியண்ணா, ஒரு சந்தேகமுங்க. உங்களத் தவிர ஆருக்கும் தெரியாதுங்க."

சென்னியப்பன் சத்தியத்தை நினைத்து வேறு பக்கம் பார்த்தார். "ஆத்தா, அவர உக்காரச் சொல்லு. தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார் மனைவியிடம். ஆத்தாயி அரிவாளைத் தேடினாள்.

சுப்பையன் காகிதத்தை விரித்தார். வேதத்தின் தமிழைத் திருத்துகிறார்களாம். பெரியவர்கள் கூடிப் பேசி, சில சொற்களுக்கு ஊர்ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதும்படி எல்லா உபதேசியார்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும். பதினாறு சொற்களுக்கு எழுதிவிட்டார். பதினேழாவதில் நிற்கிறார்.

"கிரேக்குல அதுக்குக் கௌசோன்னு பேருங்க."

"அது ஆராமா? உங்க மிஷன் துரைக்கு மச்சானா?" என்றார் சென்னியப்பன், ஆத்தாயியைப் பார்த்து.

"சூடுங்க. எரிக்கற சூடு. வேதத்துல மூணு எடத்துல வருதுங்க. ஒரு எடத்துல, தோட்டத்துல விடியக்காலம் இருந்து வேல செஞ்ச ஆளுக, பகல் முச்சூடும் இதப் பொறுத்தமேன்னு மொதலாளிகிட்டச் சலிச்சுக்கறாங்க. இன்னொண்ணுல, பொழுது கெளம்பி இதோட வந்ததும் புல்லு காஞ்சு பூவு உழுந்துருதுங்க. முன்னால தமிழாக்குனவுங்க வெயிலுன்னு வெச்சுட்டாங்க. எனக்கும் வெயிலுன்னுதான் தோணுது. ஆனா, அகராதில வேற மாதிரியும் இருக்குது. கத்திரி வெயிலுன்னு எழுதீரலாமான்னு பாக்கறனுங்க. சனங்க அப்படித்தான சொல்றாங்க?"

சென்னியப்பன் திரும்பினார். சத்தியம் போயே போயிற்று.

"தோட்டம்னு சொன்னீங்களே, என்ன தோட்டமுங்க அது?"

"திராட்சத் தோட்டமுங்க."

"திராட்ச மரமுங்களா, கொடிங்களா?"

"கொடிதானுங்க."

"கொடிக்குத் தெக்கால என்ன வெச்சிருந்தாங்க?"

சுப்பையன் காகிதத்தைப் பார்த்தார். "அது சொல்லலீங்க."

"எங்கயுமே சொல்லலீங்களா? நாலு வருசம் படிச்சீங்களே, எங்கயுமே?"

சுப்பையன் யோசித்தார். "சுத்தி வேலி அடைச்சாருன்னு இன்னொரு எடத்துல இருக்குதுங்க. கொடிய நட்டு, சுத்தி வேலி அடைச்சாரு."

"கேட்டியா ஆத்தா?" சென்னியப்பனின் குரல் தணிந்துகொண்டே போனது. மரியாதை ஏறிக்கொண்டே போனது. "வேலி அடைச்ச மகராசனுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. அதப் படிச்ச உங்களுக்குத் தெரியலீங்க. கொடிக்குள்ள வெயிலே வராதுங்க உபதேசியாரே. வந்து நில்லுங்க. நல்லா உள்ள வந்து நில்லுங்க. தலைக்கு மேல பாருங்க. வெயிலு இருக்குதுங்களா? இல்லீங்கல்ல? பின்ன இதென்னுங்க?"

எட்டாவது வரிசையிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி, அவர் முகத்துக்கு முன்னால் பிடித்து, விரல்களால் நசுக்கினார். பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த பொடி கீழே விழவில்லை. தெற்கேயிருந்து வந்த காற்று அதை வாங்கிக்கொண்டு வடக்கே போயிற்று.

"உங்க பொஸ்தவத்துக்கு ஒரு பேரு வேணுமுங்க. எனக்கு என்ற மூங்கிலு வேணுமுங்க. நெழல அளந்துட்டு வெட்டுனீங்களே, அத ஆரு அளப்பா?"

சுப்பையன் பொடி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதிர்த்திசையைப் பார்த்தார். மூங்கில் அடிக்கட்டைகளுக்கு அப்பால் மணல் அலையடிப்பதுபோல நடுங்கியது. அவர் உதடு அசைந்தது. "மூணாவது எடம்" என்றார், தமக்குள் பேசுவதுபோல. "தெக்கத்திக் காத்து அடிச்சா, சூடு வரும்னு சொல்லுவீங்க, அப்படியே வரும். அப்படின்னு அங்கதானுங்க இருக்குது. மனப்பாடமா இருக்குதுங்க எனக்கு."

"மனப்பாடமா இருந்து?" என்றாள் ஆத்தாயி. "எங்கொடி பாடம் ஒப்பிக்குமா?"

சுப்பையன் குடையை எடுக்க மறந்து போனார்.

சென்னியப்பன் அன்று இரவும் திட்டினார். பண்ணாடியைத் திட்டினார். திருச்செங்கோட்டுத் தேரைத் திட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதையும் அறியாமல் படித்தவர்களை, எல்லாவற்றையும் அறிந்து தடுக்காமல் இருக்கும் பெண்டாட்டிகளை, கடைசியில் வடம் பிடித்த தன் இரண்டு கைகளையும். ஆத்தாயி குறட்டை விட்ட பிறகுதான் ஓய்ந்தார்.

காலையில், தண்ணீர் ஊற்றி முடித்து நிமிரும்போது, மணல்மேல் ஒரு ஊர்வலம் வந்தது. முன்னால் சுப்பையன். தோளில் மூங்கில். பின்னால் சபையார் ஐந்து பேர், மூங்கிலும் கீற்றுமாக. கூரைச் சட்டத்தில் கட்டிய கயிறுகூட இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம துரை வாராரே, ஜெப ஊட்டத் தொறக்க?" என்றாள் ஆத்தாயி.

"வரட்டுமுங்க. பாதிக் கூரை இருக்குது. பாதிப் பேரு வெளிய உக்காருவோம்" என்றார் சுப்பையன். மூச்சு வாங்கியது. "துரைக்கும் தெரியட்டும், அது என்னன்னு."

சபையாரில் ஒருவர் வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்திருந்தார். ஏற்றின கூரையை இறக்குவது அபசகுனம் என்பது அவர் கட்சி. "கிறிஸ்துவனுக்கு என்ன சகுனம்?" என்று சுப்பையன் சொன்னதும், "அப்ப கூரையும் வேண்டாமா?" என்றார் அவர். சென்னியப்பன் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நன்றி சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவும் சொல்லவில்லை. அதைக் கவனித்த ஆத்தாயிக்குத்தான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

குழி பறித்தார்கள். கம்பம் நட்டார்கள். சபையார் போட்ட ஒவ்வொரு முடிச்சையும் சென்னியப்பன் இழுத்துப் பார்த்தார். பத்தில் ஏழு முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "எழுத்து மாதிரி கட்டறானுக, தொட்டா அழிஞ்சுருது" என்றார். 'டா' போடும் அளவுக்குக் கோபம் இறங்கியிருந்தது. பகல் சாய்வதற்குள் தெற்கு ஓரத்தில் முக்கால் பங்குக்குத் தட்டி நின்றுவிட்டது. மேற்குக் கோடியில் மீதிக் கால் பங்குக்கு மூங்கில் போதவில்லை. அந்த இடம் திறந்தே கிடந்தது. அதற்கு நேராக வரிசைகளின் மேற்கு முனையில் எஞ்சியிருந்த கொடிகள் போகத்தான் வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்கு அது வந்தது. தட்டி ஒருமுறை உள்வாங்கி, முனகி, நின்றது. உள்ளே அகத்தி இலை அசையவில்லை. சென்னியப்பன் ஒன்பதாவது வரிசையில் புகுந்தார். பத்தாவதில் நின்றார். கருகின தெற்கு வரிசைகள் எலும்புபோல நின்றன. அதற்கு வடக்கே இருந்தவை தலை தொங்கியிருந்தாலும் பச்சையாக இருந்தன. வெளியே வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. நாற்பதில் எட்டு போய்விட்டது. மேற்குக் கோடியில் இன்னும் போகப்போகிறது. வாய்க்கால் திறக்க ஒன்பது நாள் இன்னும் பாக்கி.

சபையார் போய்விட்டார்கள். சுப்பையன் மட்டும் நின்றார். மடியிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்போல ஒருமுறை திரும்ப மடித்தார், மறுபடி விரித்தார்.

"சென்னியண்ணா, வெயிலுன்னு எழுதமாட்டனுங்க. அது மட்டும் நெச்சயம். ஆனா, திங்கக்கெழம தபாலுல போகோணும். நீங்க அத என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு ஒரே ஒரு வார்த்த..."

சென்னியப்பன் அவரையே பார்த்தார். கொடிக்காலுக்குள் நின்றுகொண்டு, கருகின வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த மனிதர் அதன் பெயரைக் கேட்கிறார். ஆத்தாயி குடத்தைக் கீழே வைத்தாள்.

சென்னியப்பன் உபதேசியாரின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். பென்சில் கீழே விழுந்தது. இழுத்துக்கொண்டு மேற்குக் கோடிக்குப் போனார், தட்டி முடிகிற இடத்துக்கு. அந்தக் கையைப் பிடித்து, கடைசிக் கம்பத்துக்கு அப்பால், திறந்து கிடந்த இடத்தில், மணலைப் பார்க்க நீட்டினார். சுப்பையன் முகம் சுருங்கியது. கையை இழுக்கப் பார்த்தார். சென்னியப்பன் விடவில்லை. வடம் பிடித்துத் தோலுரிந்து இன்னும் ஆறாத தம் கையையும் அதோடு சேர்த்து வெளியே நீட்டி, அது வீசி ஓயும் வரைக்கும் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.